வியாழக்கிழமையைத் தாண்டிய கார்

சுபாங் விமான நிலையத்தில் நான் வந்து இறங்கியது ஒரு வியாழக்கிழமை. அந்த வீட்டில் வியாழக்கிழமைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தால் புதன்கிழமைக்கே டிக்கெட் கேட்டிருப்பேன்.

அழைத்துப் போக வந்தவர் சண்முகம், என் தங்கை சரோஜாவின் கணவர். கிள்ளானில் வீடு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிடங்கில் கிராணி வேலை. குமாஸ்தாவை அங்கே கிராணி என்கிறார்கள். அவருடைய கார் வயதான சின்ன ஜப்பான் கார், வெளுத்துப்போன பச்சை நிறம். என் பெட்டியைப் பின் சீட்டில் வைத்தார். டிக்கியில் இடம் இல்லை என்றார். அரை மணி நேரம் ஓடியிருக்கும். கார் இரண்டு தடவை இருமிவிட்டு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது.

"ஒண்ணும் இல்ல மச்சான். எண்ணெய் முடிஞ்சிருச்சு. இன்னிக்கு வியாழக்கிழமைலா."

இன்னிக்கு அமாவாசை என்பதுபோல, அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஊருக்குப் போடுவதற்கென்றே தைத்த வெள்ளைச் சட்டையோடு நான் இறங்கி அடுத்த பம்ப்வரை காரைத் தள்ளினேன். வெளிநாட்டில் நான் செய்த முதல் காரியம் அதுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் கார்பரேட்டர் ரிப்பேர் செய்கிறவன். சொந்த ஒர்க்‌ஷாப். எங்கள் ஊரில் கார் வைத்திருப்பவன் பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பான், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை மறக்கமாட்டான். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டிகள் என்னிடம் வரும். அப்படிப்பட்டவனின் தங்கை வீட்டுக் கார் பெட்ரோல் இல்லாமல் நடுரோட்டில் நிற்கிறது! அப்பாவின் நிலத்தை விற்க சரோஜாவின் கையெழுத்து வேண்டும் என்றுதான் நான் போனேன். கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆனது. மீதி இரண்டு வாரமும் அந்தக் காருக்கே போயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் சண்முகம் பஸ்ஸில் வேலைக்குக் கிளம்பினார். சரோஜாவின் சட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை டேங்க் நிரப்ப வேண்டும், வழியில் நின்றால் வீடு வந்து சேர ஒரு லிட்டர், அதோடு சரி. வியாழனோடு காலியாகிவிட்டால் வெள்ளியும் சனியும் பஸ்தான். நானும் கூடவே போனேன். போகும் வழியில் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நம்முடையது முறைத்துக்கொண்டு நிற்கும், இது சொன்னபடி கேட்கும். தொட்டுக்கொள்ள பருப்புக் குழம்பு. நான் நாலு சாப்பிட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் சண்முகம் கிடங்குக்குள் போய்விட, நான் கடைத்தெருவைச் சுற்றினேன். மல்லிகைப்பூ வாசனையும் தமிழ்ப் பலகைகளுமாக எங்கள் ஊர் காந்திபுரத்தில் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் எவனும் ஹாரன் அடிக்கவில்லை, அதுதான் வித்தியாசம். மத்தியானம் வாழையிலையில் நண்டுக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, அந்தத் தெம்பில் யாரையும் கேட்காமல் ஒரு மினி பஸ்ஸில் ஏறினேன். உள்ளே உட்கார்ந்தவர்களைவிடத் தொங்கியவர்கள் அதிகம். கண்டக்டர் மலாய் மொழியில் கத்திக்கொண்டே வந்தான். பக்கத்தில் நின்றவர் எனக்கு அதைத் தமிழில் சொன்னார்: "இன்னும் உள்ள போங்க, நடுவுல ரெண்டு பேர் படுத்துத் தூங்கலாம்னு சொல்றான்."

அந்த பஸ் என்னைக் கொண்டுபோய் இறக்கிய இடம் சாலாக் செலாத்தான். நான் போக வேண்டிய திசையே அது இல்லை. ஒரு மளிகைக் கடை அக்கா என் முழியைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "ஊர்ல இருந்து வந்தீங்களா அண்ணே? இந்த நம்பர் இல்லலா. எதிர்த்தாப்புல நின்னு ஏறுங்க" என்று சொல்லி, கடையில் இருந்தவாறே எனக்கான பஸ்ஸைக் கைதட்டி நிறுத்தினார். கிள்ளான் வந்து சேர நாலு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மழை வேறு. வாரத்தில் இரண்டு நாள் இந்தப் பாடு படுகிற மாப்பிள்ளையை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. கோபம் அவர்மேல் இல்லை, அந்தக் காரைக் கடைசியாகத் தொட்ட மெக்கானிக்மேல்.

சனிக்கிழமை சாயங்காலம் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு சீனர் வந்தார். காரைச் சுற்றிவந்து, கதவைத் தட்டிப் பார்த்து, சரோஜாவிடம் மலாயில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவள் காரை விலை பேசியும் முடித்துவிட்டாள். எட்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துப் போவார். சண்முகம் வாசல் படியில் உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன புதிதில் இதே தங்கையை ரயிலேற்றிவிட்டு எங்கள் அப்பா உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"சரோஜா, ஒரு வாரம் கொடு. நாளைக்கு நிரப்புற டேங்க் சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் வரணும். வந்தா வண்டி இருக்கட்டும். வரலைன்னா நானே சாவியை அவர் கையில குடுக்கிறேன்."

"சனிக்கிழமை வரைக்குமா? இந்தக் காரா?" சிரித்தாள். "சரி அண்ணா. ஆனா நடுவுல ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. நான் பம்ப்காரர்கிட்டயே கேட்பேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். சண்முகம் சங்கக் கூட்டம் என்று நடந்தே போய்விட்டார். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். வலது சக்கரம் மூன்று சுற்று ஓடி நின்றது. இடது சக்கரம் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. பிரேக் விடவே இல்லை. மாப்பிள்ளை இத்தனை நாளாக ஒரு காலைக் கட்டிப்போட்ட மாட்டை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். குளிரில் எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் பொத்தானை உள்ளே தள்ளினாலும் கேபிள் துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றது. எஞ்சின் சூடான பிறகும் குளிருக்குக் குடிப்பதுபோலப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் அரைப்படி மண். பிளக் நாலும் கறுப்பு. டயரில் காற்று பாதிதான். ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். கார்பரேட்டரைப் பிரித்து, கழுவி, எங்கள் ஊரிலிருந்தே கொண்டுபோன மெல்லிய கம்பியால் பெட்ரோல் பீறிடும் ஜெட் துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். தங்கை வீட்டுக்குப் போகிறவன் அல்வா கொண்டுபோவான். நான் அல்வாவோடு அந்தக் கம்பியையும் கொண்டுபோயிருந்தேன்.

கடைசியாக டிக்கியைத் திறந்தேன். உள்ளே ஒரு பெரிய தார்ப்பாய்ச் சுருள், ஒன்றோடொன்று சொருகும் இரும்புக் குழாய்கள், கயிறு, பெட்ரோமாக்ஸ் விளக்கு, அண்டா மாதிரி ஒரு கெட்டில். தூக்கிப் பார்த்தேன், இரண்டு ஆள் எடை இருந்தது. ஏதோ பழைய கல்யாணத்துச் சாமான், திருப்பிக் கொடுக்கச் சோம்பல் என்று நினைத்தேன். அதையெல்லாம் இறக்கி, கால்கள்மேல் உயர்த்திக் கட்டிய அவர்கள் பலகை வீட்டுக்கு அடியில் தள்ளிச் சாக்குப் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் மறதி இல்லை. கார் ஓடினால் என் கையால்தான் ஓடியது என்று இருக்க வேண்டும், டிக்கி காலியானதால் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவு கர்வம் எனக்கு.

அன்று மாலை டேங்க் விளிம்புவரை நிரப்பினோம். சரோஜா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

திங்களிலிருந்து நானும் தினமும் மாப்பிள்ளையோடு போய்வந்தேன். இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டேன், ஓட்டுகிறவரைச் சரிசெய்வதுதான் கஷ்டமாக இருந்தது. நல்ல மனிதர், யாரையும் அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் பச்சை விளக்கைப் பார்த்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். கிளட்ச் மேல் கால் எப்போதும் உட்கார்ந்திருக்கும். "தூரத்துல சிவப்பு தெரியுதா மாப்ள? இப்பவே காலை எடுங்க. அங்க போய் நிக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். புதன்கிழமை நான் சொல்வதற்கு முன்பே அவர் காலை எடுத்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பெட்ரோல் முள் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. கிள்ளான் பெட்ரோல் பம்ப்பில் நிற்கும் மலாய்க்காரர் எங்களைப் பார்த்ததும் வழக்கமான ஒரு லிட்டருக்காகக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் கை காட்டிவிட்டுத் தாண்டிப் போனோம். வெள்ளிக்கிழமையும் தாண்டினோம். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சத்தமாக ஏதோ கேட்டார். சண்முகம் எனக்கு மொழிபெயர்த்தார்: "வேற பம்ப்ல கடன் வச்சிருக்கீங்களான்னு கேக்குறாரு!" வாழ்க்கையில் நான் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். அதைப்போல ஒன்று வாங்கியதில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாயிற்று. முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஆனால் இனி எங்கும் போக வேண்டியதில்லை. நான் ஜெயித்துவிட்டேன். சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். பக்கத்து ஊரான மேருவில் மாரியப்பனின் அம்மா காலமாகிவிட்டார் என்றார். மாரியப்பன் அங்கே ஓர் அலுமினியத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், சண்முகத்தின் சிநேகிதர்.

மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். நானும் கூடக் கிளம்பினேன். சரோஜா பக்கத்து வீட்டுப் பெண்களோடு பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மேரு சாலையில் போகும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. சண்முகம் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மழை பேஞ்சா பேயட்டும் மச்சான். நம்ம தார்ப்பாய்தான் இருக்கே. அந்த வீட்டு வாசல் ரொம்பச் சின்னது. சாவு விழுந்த வீட்டுல முதல் வேலை கூடாரம் போடுறதுதான். எங்க மரண சகாய சங்கத்துல கார் இருக்கிறது எனக்கு ஒருத்தனுக்குத்தான், அதான் சாமான் பூரா எப்பவும் இதுலயே கிடக்கும். தகவல் வந்தா ஒரு மணி நேரத்துல போய் நிப்போம். இது வரைக்கும் தவறினது இல்ல."

காரை விற்பது என்றதும் அவர் படியில் உட்கார்ந்த கோலம் அப்போதுதான் புரிந்தது. அவர் வருத்தப்பட்டது பஸ்ஸில் போவதற்காக இல்லை.

"மாப்ள, காரைத் திருப்புங்க."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஓரமாக நிறுத்தி என்னைப் பார்த்தார். ஓர் அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"வீட்டுக்கு அடியில."

திரும்பினோம். மழையில் நனைந்துகொண்டே இரண்டு பேரும் சாமானை ஏற்றினோம். மறுபடியும் பாலம், மறுபடியும் மேரு சாலை. முள் அசையாமல் கீழே படுத்திருந்தது. வழியெல்லாம் எனக்குத் தெரிந்த சாமிகளை வரிசையாகக் கூப்பிட்டேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது வீட்டுக்குள் இடம் இல்லாமல் பெண்கள் வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பெரியவர்கள் சிலர் தலையில் துண்டோடு நனைந்தபடி நின்றார்கள். எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சண்முகண்ணே வந்துட்டாரு" என்று ஒரு குரல் வந்தது. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று இன்னொரு குரல் கேட்டது.

"கார் ரோசாக் ஆயிருச்சு" என்றார் சண்முகம். பழுதாகிவிட்டது என்று அர்த்தம். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வெட்கத்தில் தலை குனிந்துதான் நின்றேன். ஆனால் என்னால் முடியவில்லை. ஒரு வாரம் ஓட்டை உடைசல் இல்லாமல் ஓடிய எஞ்சின், இந்த நிமிஷமும் மணி அடித்த மாதிரி ஓடி வந்து நிற்கிறது. அதன் மேல் பழி போடுகிறார்கள்.

"கார்ல ஒரு குறையும் இல்லைங்க!" என்று கத்திவிட்டேன். "நான்தான் மைலேஜுக்காக டிக்கியில இருந்த சாமானை இறக்கி வச்சேன். தப்பு என்னுது."

சாவு வீடு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தது. சண்முகம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். முதலில் வாயைத் திறந்தது நனைந்த புடவையோடு நின்ற ஓர் அம்மாள்தான்.

"சரி சரி, அதை அப்புறம் பேசிக்கலாம்லா. அந்தக் குழாயைப் பிடிங்க தம்பி."

பிடித்தேன். பத்து நிமிஷத்தில் கூடாரம் எழுந்து நின்றது. யார் எந்தக் கயிற்றை இழுப்பது என்று அவர்களுக்குள் பேச்சே இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கெட்டில் அடுப்பில் ஏறியது, கறுப்புக் காப்பி வந்தது. பெண்கள் குடையை மடக்கி உள்ளே வந்து உட்கார்ந்து அழுதார்கள். மழையில் நின்றுகொண்டு அழக்கூட முடியாது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாரியப்பன் வந்து சண்முகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மாப்பிள்ளையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தனை பெருமை என் கார்பரேட்டரைப் பார்த்துக்கூட வந்ததில்லை.

கூடாரத்தை அங்கேயே விட்டுவிட்டு, சரோஜாவை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பினோம். எங்கள் தெருமுனையில், வீட்டுக்கு நூறடி இருக்கும்போது, கார் இருமாமல் கொள்ளாமல் மெல்ல நின்றது. சரோஜாவுக்கு அதற்குள் முழுக்கதையும் தெரிந்திருந்தது. சாவு வீட்டில் எதுதான் மறைகிறது? இறங்கிச் சேலையைச் சொருகிக்கொண்டு பின்னால் வந்து அவளும் தள்ளினாள்.

"அண்ணா, டிக்கியைக் காலி பண்ணிட்டு ஓட்டினது செல்லாது."

"செல்லாதுதான்" என்றேன். நியாயமான தீர்ப்பு.

மறுநாள் காலை சீனர் வந்தார். சரோஜா அவருக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்து மலாயில் பேசினாள். அவர் தலையாட்டிவிட்டு, காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை மேருவுக்குப் போய்க் கூடாரத்தைக் கொண்டாரணும், கார் வேணும்னு சொன்னேன்."

சண்முகம் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார். அன்று மாலை மறுபடியும் டேங்க் நிரப்பினோம். பம்ப்காரர் எங்களைப் பார்த்ததும் தொலைந்துபோன உறவுக்காரர்கள்போல வரவேற்றார்.

செவ்வாய்க்கிழமை சாமான் எடுக்கப் போனபோது, அந்த இரும்புக் குழாய்களின் எடையைப் பற்றி நான் முணுமுணுத்ததை மாரியப்பன் கேட்டுவிட்டார். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, தொழிற்சாலையில் கழித்துப்போட்ட அலுமினியக் குழாய்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கண்ணை மூடிய நாலாம் நாளே அந்த மனிதருக்கு அது தோன்றியிருக்கிறது. அளவாக வெட்டி, ஒன்றோடொன்று சொருகுவதற்கு முனைகளைத் தட்டிச் சரிசெய்து கொடுத்தேன். எடை பாதிக்குப் பாதி குறைந்தது. இப்படி நேர்மையாகக் குறைக்க வழி இருக்கும்போது வீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தவன் நான்.

நான் கிளம்பியதும் ஒரு வியாழக்கிழமைதான். டிக்கி நிறையச் சங்கத்துச் சாமான், பின் சீட்டில் சரோஜாவும் அவள் கட்டிக்கொடுத்த மூட்டைகளும், என் பெட்டி என் மடியில். நெடுஞ்சாலையில் முதல் நாள் நான் காரைத் தள்ளிய இடம் வந்தது. சண்முகம் விரலால் முள்ளைத் தட்டிக் காட்டினார். கால் டேங்குக்கு மேலே நின்றது. வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இல்லாமல் விமானம் ஏறினேன்.

மூன்று மாதம் கழித்துச் சரோஜாவின் கடிதம் வந்தது. வீட்டு நலம், மழை, விலைவாசி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டு வரி. அந்தத் தாளை ஒர்க்‌ஷாப் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று வாடிக்கையாளர் யாராவது கேட்டால், இருங்கள் என்று சொல்லி அதைப் படித்துக் காட்டுகிறேன்:

"அண்ணா, எல்லாச் சாமானும் ஏத்திக்கிட்டே டேங்க் இப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் வருது. யாரும் சாகாத வாரத்துல சனிக்கிழமையும் ஓடிருது."